ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த கிட்னிக் கட்டி

பித்தப்பைக் கல்லுக்கென்று வயிற்றை ஸ்கேன் பண்ணப் போவார்கள். ரிப்போர்ட்டில் கிட்னியைப் பற்றியும் ஒரு வரி வந்திருக்கும். அன்றிரவு வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இராது. அண்மையில் மட்டக்களப்பில் என்னிடம் வந்த ஒரு அம்மாவின் ரிப்போர்ட்டில் இருந்தது இவ்வளவுதான்: வலது சிறுநீரகத்தில் 14 மில்லிமீற்றர் அளவில் வெண்மையான கட்டி, சீ.ரி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும். “கென்சரா டொக்டர்? மகள் போனில பாத்துப்போட்டு ஒரே அழுகை” என்றார்.

கிட்னியில் தெரியும் கட்டியெல்லாம் புற்றுநோய் இல்லை. கிட்னி பழுதாகி டயலிசிஸுக்குப் போவதும் வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறையப்பேர்.

நாங்கள் அதிகம் காண்பது நீர்க்கட்டியைத்தான். 50 வயதைத் தாண்டியவர்களில் அது சர்வசாதாரணம். மெல்லிய சுவரோடு, உள்ளே முழுக் கறுப்பாகத் தெரிந்தால் மருந்தும் வேண்டாம், திரும்பத் திரும்ப ஸ்கேனும் வேண்டாம். சுவர் தடித்தோ உள்ளே தடுப்புகளோடோ இருந்தால்தான் சீ.ரி. எடுத்து, 1986இல் மோர்ட்டன் போஸ்னியாக் என்ற அமெரிக்கக் கதிரியக்க நிபுணர் வகுத்த முறைப்படி தரம் பார்ப்போம். 3ஆம், 4ஆம் தரம் என்றால் சிறுநீரகச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போகவேண்டும்.

அந்த அம்மாவுக்கு இருந்ததுபோல வெண்மையாகத் தெரிவது பெரும்பாலும் ஆஞ்சியோமயோலிபோமா. கொழுப்பும் இரத்தக்குழாயும் தசையும் சேர்ந்த, புற்றல்லாத கட்டி அது. ஆனால் சிறிய புற்றுநோயும் சிலவேளை இதே வெண்மையைக் காட்டும். சாதாரண ஸ்கேனை மட்டும் வைத்து நான் உறுதி சொல்லாதது அதனால்தான். சீ.ரி.யில் கட்டிக்குள் கொழுப்புத் தெரிந்தால் அநேகமாகச் சந்தேகம் தீர்ந்துவிடும். அவருக்கும் கொழுப்புத்தான் தெரிந்தது. இந்தக் கட்டி 4 சென்ரிமீற்றரைத் தாண்டினால் இரத்தம் கசியும் ஆபத்துக் கூடும். அப்போது சிகிச்சை பற்றி யோசிப்போம்.

சரி, புற்றுநோயாகவே இருந்தால்? 4 சென்ரிமீற்றருக்குள் என்றால் பல வேளைகளில் கட்டியை மட்டும் வெட்டியெடுத்துக் கிட்னியைக் காப்பாற்றலாம். அப்படிப் பார்த்தால், வேறொன்றுக்கு எடுத்த ஸ்கேனில் அது தெரியவந்தது பெரிய அதிர்ஷ்டம். சீ.ரி. எடுக்கச் சொன்ன பிறகும் வேளாண்மை வெட்டு முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்களை, நாட்டு மருந்தில் கரையும் என்று காத்திருப்பவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

வரும்போது பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுவாருங்கள். கட்டி வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட அவை வேண்டும். சீ.ரி.க்கு ஊசிமருந்து ஏற்றுவதால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை முன்பே செய்யவேண்டிவரும். சீனி வருத்தத்துக்கு மெட்போமின் குடிப்பவர்களும் முன்பு ஏதாவது ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சலத்தோடு இரத்தம் போனால், வலியே இல்லாவிட்டாலும், கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள்.