பச்சையாக வருகிறது, ஆனால் எதையும் சோதிக்கவில்லை

எல்லாம் பாஸ் என்று பச்சை காட்டிக்கொண்டு, உண்மையில் எதையும் சோதிக்காத டெஸ்ட். இந்த வருடத்தில் நான் பார்த்ததில் இது மூன்றாவது. முதல் இரண்டு முறை சிரித்துவிட்டு, சரிசெய்து கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மூன்றாவது முறை சிரிப்பு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அடுத்தவர் எழுதிய சி கோடைப் படிப்பதுதான் என் பிழைப்பு. பெரும்பாலும் சின்னச் சின்னக் கருவிகளுக்குள் ஓடும் ஃபர்ம்வேர். கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வசனத்தோடுதான் ஆரம்பிப்பார்கள்: "யூனிட் டெஸ்ட் எல்லாம் பாஸ் சார், ஃபீல்டுலதான் தப்பா வருது." போன மாதம் போன இடத்திலும் அதேதான். சீரியல் போர்ட்டில் வரும் பைட்டுகளைப் பிடித்து வைக்கும் ஒரு ரிங் பஃபர், அதாவது கடைசி இடம் வந்ததும் முதல் இடத்துக்குச் சுற்றி வரும் சேமிப்பு. எப்போதாவது ஒரு கொத்து பைட் அப்படியே காணாமல் போகிறது. வாரத்துக்கு ஒருமுறை, சில நாள் இரண்டு முறை. மேசையில் வைத்து ஓட்டினால் வருவதில்லை.

டெஸ்ட் ஃபைலைத் திறந்தேன். நாற்பதுக்கு மேல் அசெர்ட் வரிகள், அதாவது இது உண்மையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்து என்று சொல்லும் வரிகள். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே எழுதியிருந்தான் அந்தப் பையன். காலி பஃபரிலிருந்து எடுப்பது, நிரம்பிய பஃபரில் போடுவது, கடைசி இடத்திலிருந்து சுற்றி முதல் இடத்துக்கு வருவது என்று ஒன்றையும் விடவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. டெஸ்ட்டை நம்புவதற்கு முன் கோடை வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பேன். ஒன்றைக் கூட்டும் இடத்தில் கழித்தேன். ஓட்டினோம், பச்சை. பைட்டைச் சேர்க்கும் ஃபங்ஷனை எதுவுமே செய்யாமல் திரும்பிவிடச் சொன்னேன். பச்சை. கடைசியாக, டெஸ்ட் ஃபைலின் மெயினில் முதல் வரியாக அசெர்ட்(0) என்று எழுதினேன். பூஜ்யம் எந்த ஊரிலும் உண்மை ஆகாது. அப்போதும் பச்சை, கீழே "எல்லா டெஸ்ட்டும் பாஸ்" என்று ஒரு வரி. பையனின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை. பில்டு செய்யும் கருவியான சிமேக்கில் பில்டு வகை ரிலீஸ் (வாடிக்கையாளருக்கு அனுப்பும் வகை) என்று இருந்தது. ரிலீஸ் என்றால் ஆப்டிமைசேஷன் மட்டும் ஏறுவதில்லை. சிமேக் தன் பாட்டுக்கு, அசெர்ட்டுகளை அணைத்துவிடும் என்டீபக் என்ற மேக்ரோவையும் கம்பைலரிடம் சேர்த்துக் கொடுத்துவிடும். சிஐ சர்வரில் (கோடு மாறும்போதெல்லாம் தானாக பில்டு செய்து டெஸ்ட் ஓட்டும் கணினி) டெஸ்ட் வேகமாக ஓடட்டும் என்று ஆறு மாதத்துக்கு முன் யாரோ மாற்றியிருக்கிறார்கள். வேகமாகத்தான் ஓடியது. செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லையே.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். நான் இதைச் சொன்னதும் குழுத் தலைவர் சொன்ன பதில்தான் என்னை எழுத உட்கார வைத்தது. "ஓ, அசெர்ட் ஆஃப் ஆயிருக்கா? அப்ப செக் பண்ணல, அவ்வளவுதானே. ஃபங்ஷன் எல்லாம் ஓடியிருக்கும்ல, க்ராஷ் ஆகலையே, அதுவே ஒரு டெஸ்ட்தானே?"

இல்லை. ஓடவே இல்லை.

அசெர்ட் ஃபங்ஷன் அல்ல, மேக்ரோ. அதாவது, கம்பைல் ஆவதற்கு முன்பே ப்ரீபிராசஸர் என்ற படி வேறு எழுத்தாக மாற்றி வைத்துவிடும் ஒரு பெயர். இதைப் படித்ததும் "தெரியுமே" என்று தலையாட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அதன் விளைவு தெரியாது. என்டீபக் இருக்கும்போது அசெர்ட்டின் ஹெடரைச் சேர்த்தால், அசெர்ட் என்று எழுதிய இடத்தில் எல்லாம் ப்ரீபிராசஸர் ஒரு வெறும் பூஜ்யத்தை வைத்துவிடும். அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியது கம்பைலரின் கண்ணுக்கே போகாது. 1989-ல் சி மொழிக்குத் தரம் வந்த நாளிலிருந்து இப்படித்தான். பெயர்களைத் தமிழில் வைத்து எழுதுகிறேன், பாருங்கள்:

அசெர்ட்(சேர்(&பஃபர், 65) == 0);

இந்த வரியில் சோதனை எது? பூஜ்யத்தோடு ஒப்பிடுவது. வேலை எது? பஃபரில் 65-ஐச் சேர்ப்பது. ரிலீஸ் பில்டில் ஒப்பிடுவது மட்டும் போகவில்லை, சேர்ப்பதும் போய்விட்டது. செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் இல்லை, லாரியை யாரும் நிறுத்தாமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே லாரியே ஊரைவிட்டுக் கிளம்பவில்லை.

தலைவர் நம்பவில்லை. சரி என்று அந்த டெஸ்ட்டின் எக்ஸிக்யூட்டபிளை டிஸ்அசெம்பிள் செய்து, உள்ளே இருக்கும் எந்திரக் கட்டளைகளைக் காட்டினேன். மெயினுக்குள் மிச்சம் இருந்தவை ஏழெட்டு அழைப்புகள், "எல்லா டெஸ்ட்டும் பாஸ்" என்று அச்சிடும் ஒரு அழைப்பு, திருப்பி அனுப்ப ஒரு பூஜ்யம். அந்த ஏழெட்டும் பிழைத்ததற்குக் காரணம், அந்த இடங்களில் மட்டும் பையன் விடையை முதலில் ஒரு மாறியில் வாங்கி, அடுத்த வரியில் அசெர்ட் எழுதியிருந்தான். அங்கே ஃபங்ஷன் ஓடியது. விடையை யாரும் பார்க்கவில்லை.

இதில் எனக்கு வயிறு எரிந்த இடம் இன்னொன்று. கம்பைலர் இவர்களிடம் சொல்லியிருக்கிறது. "இந்த மாறியை எங்கேயும் பயன்படுத்தவில்லை" என்று அந்த ஏழெட்டு வரிக்கும் வார்னிங் வந்திருக்கிறது. மாறியைப் பயன்படுத்திய ஒரே இடமான அசெர்ட் காணாமல் போனதால் வந்த வார்னிங். அதைப் பார்த்து என்ன செய்தார்கள்? ஒவ்வொரு மாறிக்கும் கீழே வாய்டு என்று காஸ்ட் போட்டு (இதன் மதிப்பு வேண்டாம் என்று கம்பைலரிடம் சொல்வது) வாயை அடைத்துவிட்டார்கள். ரிவ்யூவில் ஒருவர் "வார்னிங் க்ளீன், சூப்பர்" என்று வேறு எழுதியிருந்தார்.

என்டீபக்கை எடுத்துவிட்டு ஓட்டினோம். முதல் ஓட்டத்திலேயே விழுந்தது. 64 இடம் உள்ள பஃபர் அது. காலிக்கும் நிரம்பியதற்கும் வித்தியாசம் தெரிய ஒரு இடத்தை எப்போதும் சும்மா விடுவார்கள், ஆகவே 63 பைட்தான் கொள்ளும். 64-வது பைட்டை மறுக்க வேண்டும். நிரம்பிவிட்டதா என்று பார்க்கும் இடத்தில் தலையோடு (அடுத்த பைட்டைப் போடும் இடம்) ஒன்றைக் கூட்டி வாலோடு (அடுத்த பைட்டை எடுக்கும் இடம்) ஒப்பிட்டிருக்கிறார்கள், ஆனால் 64-ஐத் தொட்டால் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதை அந்த ஒரு வரியில் மறந்துவிட்டார்கள். வால் பூஜ்யத்தில் இருக்க, தலை 63-ல் நிற்கும்போது மட்டும் கணக்கு தப்பும். 64-வது பைட் உள்ளே போகும், தலை சுற்றிப் பூஜ்யத்துக்கு வரும், தலையும் வாலும் ஒன்றானதும் பஃபர் "நான் காலி" என்று சொல்லும். 64 பைட்டும் போச்சு. அந்த ஒரு கொத்து இதுதான்.

பையனின் டெஸ்ட்டில் இதற்கென்றே ஒரு வரி இருந்தது: புதிய பஃபர், 63 பைட் போடு, 64-வதை மறுக்கிறதா பார். அந்த வரியை எழுதிய தேதியை, கோடின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் பார்த்தோம். ஃபீல்டிலிருந்து முதல் புகார் வருவதற்கு ஐந்து வாரம் முன்பு.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்ததே அந்த ரிலீஸ் மாற்றத்துக்குப் பிறகுதான். தான் எழுதிய ஒரு டெஸ்ட் விழுந்து அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அவன் வந்தது பைத்தானிலிருந்து. அங்கே பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியில் அசெர்ட் என்று எழுதினால் அதுவே டெஸ்ட், இரண்டு பக்க மதிப்பையும் அழகாக எடுத்துக் காட்டும். (பைத்தானிலும் ஓ கொடி போட்டு ஓட்டினால் அசெர்ட் காணாமல் போகும், அது வேறு கதை. ரஸ்ட் மொழியில் சாதாரண அசெர்ட் ரிலீஸிலும் இருக்கும், டீபக் அசெர்ட்தான் போகும். ஒரே சொல்லை ஆளுக்கு ஒரு விதமாக வைத்திருக்கிறார்கள், என்ன செய்ய.) சியில் அசெர்ட் டெஸ்ட் எழுதப் பிறந்த கருவி அல்ல. "இந்த இடத்தில் இது பொய்யாக இருந்தால் என் புரோகிராமே தப்பு" என்று கோடுக்குள் எழுதி வைக்கும் குறிப்பு அது. வாடிக்கையாளரிடம் போகும்போது கழற்றிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் செய்திருக்கிறார்கள்.

சரி, என்டீபக்கை எடுத்தாயிற்று, இனி அசெர்ட்டையே வைத்து டெஸ்ட் எழுதலாமே என்பார்கள். எழுதலாம், அவசரத்துக்கு. ஆனால் முதல் தோல்வியிலேயே புரோகிராம் அபார்ட் ஆகி நின்றுவிடும், மீதி டெஸ்ட் ஓடாது. அன்று அங்கே பதினொரு தோல்வி இருந்தது. ஒன்றைத் திருத்தி, பில்டு செய்து, அடுத்ததைப் பார்த்து, மறுபடி பில்டு செய்து, டீ இரண்டு முறை வந்துவிட்டது. அப்புறம், விழுந்தால் ஃபைல் பெயரும் வரி எண்ணும் "தலை == 63" என்ற வாசகமும் கிடைக்கும். தலையில் அப்போது என்ன இருந்தது என்று சொல்லாது. "அதுக்குத்தான் மேலே பிரின்ட் எஃப் போட்டிருக்கேனே" என்பீர்கள். சிஐ சர்வரில் அந்த வெளியீடு திரைக்குப் போவதில்லை, பைப்புக்கோ ஃபைலுக்கோ போகிறது. அப்படிப் போகும்போது பிரின்ட் எஃப் எழுதியது பஃபரில் சேர்ந்து கிடக்கும். அபார்ட் ஆனால் அது வெளியே வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. லாக்கின் கடைசி வரியைப் பார்த்து, இங்கேதான் விழுந்தது என்று தவறான இடத்தில் அரை நாள் தேடியவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

ஆகவே தயவுசெய்து டெஸ்ட்டுக்கென்று தனி மேக்ரோ வைத்துக்கொள்ளுங்கள். பத்து வரிதான். "சரிபார்" என்று பெயர் வையுங்கள், எதிர்பார்த்ததையும் கிடைத்ததையும் வாங்கட்டும், இரண்டையும் முதலில் தனி மாறியில் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் மேக்ரோ விரியும்போது உங்கள் ஃபங்ஷன் இரண்டு முறை ஓடும். மொத்தக் கணக்கை ஒன்று ஏற்றட்டும். ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு மதிப்பையும் வரி எண்ணோடு அச்சிட்டு, தோல்விக் கணக்கையும் ஏற்றட்டும். என்டீபக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது.

அதுவும் வேண்டாம் என்றால் யூனிட்டி என்ற டெஸ்ட் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். கேம் செய்யும் யூனிட்டி அல்ல, இது வேறு. ஒரு சி ஃபைலும் இரண்டு ஹெடரும்தான், சின்ன மைக்ரோகன்ட்ரோலரிலும் ஓடும், ஒரு டெஸ்ட் விழுந்தால் அடுத்ததற்குப் போய்விடும். லினக்ஸில் மட்டும் ஓட்டுவீர்கள் என்றால் செக் என்ற கருவி நல்லது. ஒவ்வொரு டெஸ்ட்டையும் தனி பிராசஸில் ஓட்டும், ஒன்று செத்தாலும் மற்றவை பிழைக்கும்.

முடிவில் எத்தனை சோதனை ஓடியது என்று அச்சிடுங்கள். பூஜ்யம் ஓடியிருந்தால் அது தோல்வி, பாஸ் அல்ல. இந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் அங்கே போயிருக்கவே வேண்டாம். எனக்கு வருமானம் போயிருக்கும், பரவாயில்லை.

தோல்விக் கணக்கை அப்படியே மெயினிலிருந்து திருப்பி அனுப்பாதீர்கள். வெளியேறும் எண்ணில் கடைசி எட்டு பிட்தான் ஷெல்லுக்குப் போகும். சரியாக 256 டெஸ்ட் விழுந்தால் பூஜ்யம் என்று போய், பாஸ் ஆகிவிடும். தோல்வி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். அவ்வளவு போதும்.

டெஸ்ட் ஃபைலில் அசெர்ட்டைத்தான் வைத்துக்கொள்வேன் என்று அடம்பிடிப்பவர்கள், என்டீபக் இருந்தால் பில்டே நிற்கும்படி மேலே ஒரு ஹாஷ் எரர் வரியாவது போடுங்கள்.

இன்னும் சில, வேகமாக. இரண்டு வார்த்தைகளை ஒப்பிடும் ஸ்டர்காம்ப், அவை ஒத்துப்போனால் பூஜ்யம் தரும். அதை அப்படியே சரிபார்க்கக் கொடுத்தால் இரண்டு வார்த்தையும் வேறாக இருந்தால்தான் பாஸ் ஆகும். இதை நான் பார்க்காத வருடம் இல்லை. இரண்டு ஸ்ட்ரக்சரை, பைட் பைட்டாகப் பார்க்கும் மெம்காம்ப்பால் ஒப்பிடாதீர்கள், நடுவில் கம்பைலர் இடைவெளிக்காகச் சேர்க்கும் பேடிங் பைட்டுகளில் என்ன குப்பை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்குப் பாஸ், நாளைக்கு ஃபெயில். தசம எண்ணை நேராகச் சமமா என்று கேட்காதீர்கள். டெஸ்ட்டை ஓட்டும்போது அட்ரஸ் சானிடைசரையும் அன்டிஃபைன்டு பிஹேவியர் சானிடைசரையும் (நினைவகத் தவறுகளையும் மொழி விதி மீறல்களையும் ஓடும்போதே பிடிப்பவை) சேர்த்தே ஓட்டுங்கள், காசா பணமா.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்கள் கோடில் இருக்கும் அசெர்ட்டுகளைப் பிடுங்கி எறிய வேண்டாம். அவை அங்கேதான் இருக்க வேண்டும். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸின் கோடைத் திறந்து பாருங்கள், அசெர்ட் இறைந்து கிடக்கும். ரிலீஸில் கழற்றிவிடுவார்கள், டெஸ்ட் செய்யும்போது மாட்டிவிடுவார்கள். ஒரே ஒரு விதி: அசெர்ட்டின் அடைப்புக்குறிக்குள் வேலை செய்யும் எதையும் எழுதாதீர்கள். பார்ப்பது மட்டும் உள்ளே, செய்வது வெளியே. நினைவகம் கேட்கும் மாலாக் தோற்பதையும் பயனர் தப்பாகத் தட்டுவதையும் அசெர்ட்டிடம் விடாதீர்கள், அவை நடக்கக்கூடியவை, கையாள வேண்டியவை. ஸ்ட்ரக்சரின் அளவு இத்தனை பைட் என்பது போல கம்பைல் நேரத்திலேயே தெரிவதை ஸ்டாடிக் அசெர்ட்டிடம் கொடுங்கள். சி11-லிருந்து இருக்கிறது, என்டீபக் அதை ஒன்றும் செய்யாது. கருவிக்குள் அசெர்ட்டை விட்டு அனுப்புவதாக இருந்தால், அபார்ட் அங்கே எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாத பல போர்டுகளில் அது முடிவில்லாத லூப்பில் போய் உட்காரும். சிக்கிக்கொண்ட கருவியைத் தானாகத் திரும்பத் தொடங்கவைக்கும் வாட்ச்டாக் இருந்தால் ரீசெட், இல்லாவிட்டால் யாராவது வந்து ப்ளக்கைப் பிடுங்க வேண்டும்.

இன்று மாலை கிளம்புவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். டெஸ்ட் மெயினின் முதல் வரியில் அசெர்ட்(0) என்று எழுதி, உங்கள் கணினியில் அல்ல, சிஐ சர்வரில் ஓட்டுங்கள். சிவப்பு வந்தால் அந்த வரியை அழித்துவிட்டுக் கிளம்பலாம். பச்சை வந்தால் வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், வர நேரமாகும் என்று.