வெட்டி எடுத்த புரை திரும்பி வருமா?

"வெட்டி எடுத்த புரை திரும்பவும் வந்துட்டு மக்களே" என்று கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்று நாலு வருஷம் ஆன பெரியவர்கள் சொல்வதைக் குமரி மாவட்டத்தில் எந்த ஊரிலும் கேட்கலாம். புரை திரும்ப வராது. மங்கிப்போன இயற்கை லென்ஸையே உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டார்களே, அப்புறம் எது மங்கும்? ஆனால் அவர்களுக்குப் பார்வை மங்குவது நிஜம்தான்.

அந்த லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருந்தது. டாக்டர் பையின் முன்பக்கத்தை ஏறத்தாழ 5 மி.மீ. அகலத்துக்கு வட்டமாகக் கிழித்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, அதே பைக்குள் செயற்கை லென்ஸை உட்காரவைக்கிறார். பை உள்ளேயே தங்கிவிடுகிறது, பிந்தி வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அதைச் சுற்றித்தான். செயற்கை லென்ஸின் பிளாஸ்டிக் பாவம், சாது. போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் துண்டுகள் புண்ணாக்காமல் கிடந்ததைப் பார்த்துத்தான் 1949-இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி முதல் லென்ஸையே வைத்தார்.

பையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் செல்களை எவ்வளவு சுத்தம் செய்தாலும் கொஞ்சம் மிஞ்சும். அவை பெருகி, லென்ஸுக்குப் பின்னால் நகர்ந்து, பையின் பின்சுவரில் முத்து முத்தாகப் படரும். குலசேகரத்தில் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவருக்கு எதிரே வரும் பைக் லைட் சிதறித் தெரிவதும், பகலிலேயே எல்லாம் புகைமூட்டமாகத் தெரிவதும் இதனால்தான். இப்போதைய லென்ஸ்களின் ஓரத்தைக் கூர்மையாக வெட்டுவதே செல்கள் அதைத் தாண்டாமல் தடுக்கத்தான். முழுசாகத் தடுக்க முடிவதில்லை.

இதற்குக் கத்தி வேண்டாம். யாக் லேசர் போதும். கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் ஒளியை நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள் ஒரே புள்ளியில் குவித்தால் அங்கே நுண்ணிய வெடிப்பு ஏற்பட்டு சவ்வு கிழியும். நடுவில் 3, 4 மி.மீ. ஓட்டை விழுந்தால் ஒளி தங்குதடையில்லாமல் போகும். சில நிமிஷ வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். சில நாள் பூச்சி பறப்பது போலத் தெரியலாம், கண் அழுத்தம் ஏறலாம். அபூர்வமாக, அதிலும் கிட்டப்பார்வை அதிகமாக இருந்தவர்களுக்கு, விழித்திரை விலகலாம். மின்னல் வெட்டுவதுபோல ஒளி, ஓரத்தில் திரை இறங்குவதுபோல இருட்டு என்று வந்தால் அன்றே காட்டவேண்டும், சந்தை நாள் கழியட்டும் என்றெல்லாம் இருக்கக்கூடாது.

லென்ஸ் நகர்வது வேறு கதை. பந்தல் துணியை நாலாபுறமும் கயிறு இழுத்துப் பிடிப்பதுபோலப் பையை நுண்ணிய இழைகள் பிடித்திருக்கின்றன. பழைய அடி, அதிகக் கிட்டப்பார்வை, வயதில் சிலருக்குக் கண்ணுக்குள் பொடிபோலப் படியும் ஒரு நோய் ஆகியவை இழைகளைத் தளர்த்தும். பல வருஷம் கழித்து லென்ஸ் பையோடு சேர்ந்து சரியும். ஒன்று இரண்டாகத் தெரியும். இதற்கு லேசர் உதவாது. லென்ஸைத் தைத்து நிறுத்தவோ மாற்றவோ வேண்டும்.

நீர் உறிஞ்சும் வகை லென்ஸ்கள் சிலவற்றில் அபூர்வமாகச் சுண்ணாம்புச் சத்து படிந்து லென்ஸே வெளுத்துவிடும். இதைப் பையின் மங்கல் என்று நினைத்து லேசர் அடித்தால் பலன் இல்லை, பின்சுவரில் ஓட்டை விழுந்துவிட்டதால் லென்ஸை மாற்றுவதும் கஷ்டமாகிவிடும். அதனால் லேசருக்கு முன் மங்கியது பையா லென்ஸா என்று கேளுங்கள். ஆபரேஷன் அன்று லென்ஸின் பெயரும் பவரும் போட்டுத் தரும் கார்டை ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்திருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது டாக்டருக்கும் சுலபம்.