புயலை அடக்கும் பொத்தான்

சிறுவர்களுக்கான அறிவியல் புனைகதைகளில் ஒரு கருவி அடிக்கடி வரும். ஒரு பொத்தானை அழுத்தினால் மழை கொட்டும், இன்னொன்றை அழுத்தினால் புயல் அடங்கும். படிக்கிற பிள்ளை “இது நிஜமாவே முடியுமா?” என்று கேட்டால், கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். கொஞ்சம் முடியும்.

மேகத்திலுள்ள நீர்த்துளியின் குறுக்களவு சுமார் 0.02 மில்லிமீட்டர்தான். இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உருவாக, அப்படிப் பத்து லட்சம் துளிகள் சேர வேண்டும். அதைவிட வியப்பு, ஒட்டிக்கொள்ளத் தகுந்த துகள் கிடைக்காவிட்டால் இந்தத் துளிகள் மைனஸ் 38 டிகிரி செல்சியஸ் வரைகூட உறையாமல் மிதக்கும்.

1946 ஜூலையில், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வின்சென்ட் ஷேஃபர் ஒரு குளிர்பெட்டிக்குள் மூச்சை ஊதி ஊதிக் குட்டி மேகம் செய்துகொண்டிருந்தார். உள்ளே கறுப்பு வெல்வெட் துணி. பனித்துகள் பிறந்தால் பளிச்சென்று தெரியும். ஒன்றும் பிறக்கவில்லை. அன்று வெயில் வேறு. பெட்டியில் குளிர் போதவில்லையென்று, உலர்பனிக்கட்டி (உறைந்த கார்பன் டைஆக்சைடு) ஒன்றை உள்ளே வைத்தார். அடுத்த நொடி, மேகம் முழுக்க மினுமினுவென்று பனிப்படிகங்கள்! ஒரு படிகம் பிறந்துவிட்டால் போதும், சுற்றியுள்ள துளிகள் ஆவியாகி அதன்மேல் படியும். கனத்ததும் அது கீழே விழும். அப்புறம் அவருடைய சக ஆய்வாளர் பெர்னார்ட் வானெகட், வெள்ளியும் அயோடினும் சேர்ந்த சில்வர் அயோடைடும் இதே வேலையைச் செய்யும் என்று கண்டுபிடித்தார். அதன் படிக அமைப்பு பனிக்கட்டியின் அமைப்பை ஒத்திருப்பதால், துளிகள் அதன்மேல் உறைந்துவிடுகின்றன.

சரி, புயல்? 1947 அக்டோபரில் அட்லாண்டிக் புயல் ஒன்றின் மேல் உலர்பனிக்கட்டியைத் தூவினார்கள். புயல் திரும்பிப் போய் ஜார்ஜியா கரையைத் தாக்கியது. பழி தூவியவர்கள்மேல் விழுந்தது. அது முன்பே திரும்பத் தொடங்கிவிட்டது என்பது பின்னர்தான் தெரிந்தது.

இந்தச் சிக்கலைக் கதைகள் தொடுவதில்லை, எனக்கோ இதுதான் நல்ல கதைக்கரு. ஒரே மேகத்தைத் தூவியும் தூவாமலும் இருமுறை ஓடவிட்டுப் பார்க்க முடியாது. புயல்களைத் தணிக்க 1962 முதல் 1983 வரை அமெரிக்கா நடத்திய ‘ஸ்டார்ம்ஃபியூரி’ திட்டமும் இதில்தான் இடறியது. 1969இல் டெபி புயலில் தூவியபின் காற்று சுமார் 30 சதவீதம் தணிந்தது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் யாரும் தொடாத புயல்களும், புயலின் கண்ணைச் சுற்றியுள்ள மேகச் சுவர் கலைந்து புதிதாக உருவாகும்போது அதேபோலத் தணிவதைப் பிறகு பார்த்தார்கள். போதாததற்கு, சில்வர் அயோடைடு உறையவைக்க வேண்டிய, பூஜ்யத்துக்குக் கீழும் உறையாத நீர்த்துளிகளே அந்தப் புயல்களுக்குள் மிகக் குறைவாகத்தான் இருந்தன.