நாடாவைக் கொஞ்சம் இளக்குங்கோ, பிள்ளையள்

போன செவ்வாய்க்கிழமை கர்ப்பிணி கிளினிக்கில் வயிறு பார்க்கக் கட்டிலில் ஏறிப் படுத்த பிள்ளைக்கு 28 ஆவது கிழமை. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவ. சேலையைத் தளர்த்தியதும் என் கண்ணில் முதலில் பட்டது வயிறு இல்லை, இடுப்பைச் சுற்றி ஓடிய தடம். மாட்டின் கழுத்தில் கயிறு அறுத்த மாதிரி பாவாடை நாடா பதிந்து, கறுத்து, ஒரு பக்கம் தோலும் உரிந்திருந்தது. அதற்குக் கீழே வட்டம் வட்டமாகப் படர்தாமரை.

"எத்தினை நாளாப் பிள்ளை இது?"

"ஒரு மாசமாக் கடிக்குது மிஸ். சொல்ல வெக்கமாக் கிடந்தது. வலது தொடையும் வெளிப்பக்கம் விறைக்குது."

"ஏன் இவ்வளவு இறுக்கிக் கட்டினனீர்?"

"மாமி சொன்னவ, இளக்கிக் கட்டினால் பிள்ளை நெஞ்சுக்கு ஏறிடுமாம்."

அந்த மாதத்தில் இது மூன்றாவது. கிளினிக்கில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி என் தொண்டைதான் வற்றுகிறது, அதனால் எழுதுகிறேன்.

மாமிமாரே, அம்மம்மாமாரே, முதற்கதை உங்களோடுதான். கர்ப்பப்பை ஏறத்தான் வேண்டும். 20 கிழமையளவில் தொப்புளுக்கு வரும், 36 அளவில் நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே போய் நிற்கும். அளவு நாடாவை வைத்து ஒவ்வொரு முறையும் நாங்கள் அளப்பது இதைத்தான். ஏழாம் மாதத்தில் 28 கிழமை என்றால் 28 சென்ரிமீற்றர், ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கும். ஏறாவிட்டால்தான் எங்களுக்குப் பயம், ஸ்கானுக்கு அனுப்புவோம். தலைப்பிள்ளை என்றால் கடைசி மாதத்தில் பெரும்பாலும் தன் பாட்டில் இறங்கும். ஏற்றுவதும் இறக்குவதும் நாடாவின் வேலை இல்லை. நீங்கள் நாடா கட்டுகிற இடம் தொப்புளுக்குக் கீழே, கர்ப்பப்பையின் மேல்முனையோ அதற்கு ஒரு சாண் மேலே. கீழே இறுக்கிக் கட்டி மேலே போவதை மறிக்கலாம் என்றால், கிணற்றுக் கட்டில் கயிறு கட்டித் தண்ணீர் ஊறுவதையும் மறிக்கலாம்.

இதற்கு நேர் எதிராக, நாடா இறுகினால் பிள்ளை நசுங்கிவிடும் என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் வேண்டாம். பிள்ளை தண்ணீர்க் குடத்துக்குள் பத்திரமாகத்தான் கிடக்கிறது. பாடுபடுவது தாய். நெஞ்செரிவு கூடும். இடுப்பெலும்பின் முன்பக்கத்தால் தொடைக்கு இறங்குகிற நரம்பு அழுத்துப்பட்டு விறைக்கும். சித்திரை வெக்கைக்கு நாடாவுக்குக் கீழே வேர்வை தேங்கினால் படர்தாமரைக்கு வேறென்ன வேண்டும்? அதற்குப் பாமசியில் சும்மா கேட்டு வாங்குகிற கலவைக் கிறீமைப் பூசாதீர்கள். அதில் ஸ்ரீரொயிட் கலந்திருந்தால் படர்தாமரை அமத்துப்பட்ட மாதிரிக் காட்டிவிட்டு இரண்டு பங்காகத் திரும்பி வரும். எங்களிடம் காட்டுங்கள்.

சரி, என்னத்தை உடுக்கிறது?

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான் இருக்கிறது: சோட்டி, அதுதான் வீட்டில் போடுகிற தொளதொளத்த நீளச் சட்டை. நாலைந்து மாத உடுப்புக்கு ஏன் காசு என்று சொல்லி, முந்தநாள் வரைக்கும் வடிவாக உடுத்தித் திரிந்த பிள்ளையைச் சாக்குக்குள் போட்ட மாதிரி ஆக்கிவிடுகிறோம். சோட்டியோடு வேலைக்குப் போக முடியாது, அதனால் வெளியே போகும்போது பழைய உடுப்புக்குள்ளேயே வயிற்றைத் திணிக்கிறார்கள். என் கட்டிலில் நான் காண்கிற தடம் பாதி இப்படி வந்ததுதான். வடிவாக உடுத்த ஆசைப்படுகிற பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நாவூறு படும் என்றால் செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போடுங்கள், நான் வாதாட வரமாட்டேன். ஆனால் வயிற்றை மறைக்கவென்று நீளச் சால்வையைத் தொங்கவிட்டு ஸ்கூட்டியில் ஏற்றி அனுப்பாதீர்கள். சில்லுக்குள் சால்வை போனால் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதியிலும் நவீன சந்தையிலும் ஏறி இறங்கி 'மற்றேனிற்றி' என்று பெயர் ஒட்டினதைத்தான் தேட வேண்டும் என்றில்லை. மார்புக்குக் கீழே சுருக்கு வைத்து இறங்குகிற கொட்டன் சட்டை எந்தக் கடையிலும் இருக்கும். கனடாவில் இருந்து மச்சாள் அனுப்பின கர்ப்பகால ஜீன்ஸ் ரொறன்ரோப் பனிக்கு நல்லது, இங்கே அவித்துப் போடும். ஆனால் அதன் இடுப்பைப் பாருங்கள். நாடாவும் இல்லை, பொத்தானும் இல்லை, வயிற்றைத் தாங்குகிற அகலமான இழுபடு துணிப் பட்டி. அதைக் கொண்டுபோய் உங்கள் தையற்காரக்காவிடம் காட்டினால் உங்களிடம் இருக்கிற பாவாடைக்கே வைத்துத் தருவா.

துணி எடுத்துத் தைப்பதுதான் மலிவும் வடிவும். ஒன்றைமட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: முன்பக்கம் பின்பக்கத்தை விட இரண்டு மூன்று அங்குலம் நீளமாக இருக்க வேண்டும். வயிறு வளர வளரச் சட்டையின் முன்விளிம்பை அது தூக்கும். எட்டாம் மாதத்தில் முன்னால் முழங்காலும் பின்னால் குதிக்காலுமாக நிற்கிற கோலம் அதனால்தான். அதற்காக நிலத்தில் இழுபட விடவும் வேண்டாம், கால் தடக்கும். இரண்டு பக்கமும் பின்னால் முடிகிற பட்டி வைத்தால் வயிறு இல்லாத காலத்திலும் அளவாக நிற்கும். முன்பக்கம் கொளுக்கியோ பொத்தானோ வைத்துவிட்டால் பால் கொடுக்கிற இரண்டு வருடமும் அதே சட்டைதான். நாலைந்து மாத உடுப்புக்கு ஏன் காசு என்று கேட்கிற மாமிக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

சேலை உடுக்கிற ரீச்சர்மார் சேலையை விடத் தேவையில்லை. வயிறு பெருக்கக் கொசுவத்தில் ஒன்றிரண்டைக் குறைத்தால் அது தானாக அளவாகும், எந்தச் சட்டைக்கும் இல்லாத வசதி. மாற்ற வேண்டியது உள்ளே இருக்கிற நாடாவை. அகல இலாஸ்ரிக் போடுங்கள். பிளவுசுக்கு உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், மார்பு வயிற்றுக்கு முன்னமே பெருக்கத் தொடங்கிவிடும். கம்பி வைத்த பிறாவை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

வீட்டில் அவருடைய பழைய கொட்டன் சேட்டும் சாரமும் போதும். கேட்டுத்தான் எடுங்கள் என்று சொல்ல வந்தேன், கேட்காமலும் எடுக்கலாம்.

நல்லூர்த் திருவிழாவுக்குப் பட்டுத்தான் உடுப்பேன் என்கிற பிள்ளைகளிடம் ஒரு சின்ன மன்றாட்டம். பின்னேரம் வெய்யில் தணியப் போங்கள், தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள், நிற்க ஏலாவிட்டால் மணலில் இருந்துவிடுங்கள். பட்டு கசங்கினால் அயன் பண்ணலாம்.

மோதிரம், மிஞ்சி எல்லாம் விரல் வீங்குவதற்கு முதலே கழற்றி வையுங்கள். நேற்றுச் சுழன்ற காப்பு இன்றைக்குத் திடீரென்று இறுகி, முகமும் ஊதி, தலையிடியோ கண் மங்கலோ இருந்தால் அடுத்த கிளினிக் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இரவென்றாலும் ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிடுங்கள். அது உடுப்புக் கதை இல்லை, பிரசர்க் கதை.

பிரசர் என்றதும் ஞாபகம் வருகிறது. செவ்வாய்க்கிழமை வரும்போது கை தளர்ந்த சட்டை போட்டு வாருங்கள். இறுகின நீட்டுக் கையைச் சுருட்டித் தோள்வரைக்கும் ஏற்றிவிட்டு இருந்தால் அளவும் சரியாக வராது, என்னிடம் பேச்சும் வாங்குவீர்கள்.