பொதிகை ஏறியவனுக்கும் மூச்சு முட்டும்

உயரமான மலைக்குப் போய் நோயில் விழுந்தவர்களில், இந்த வருஷத்தில் இது மூன்றாவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

விக்கிரமசிங்கபுரத்துத் தம்பி. டிப்ளமோ முடித்துவிட்டு, மலையுச்சி ஆய்வகங்களில் கருவி மாட்டும் ஒப்பந்த வேலையில் சேர்ந்தவன். பாளையங்கோட்டையில் என்னிடம் வந்து ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு போனான். பிரஷர், சர்க்கரை, இ.சி.ஜி. எல்லாம் சுத்தம். "போனக்காடு வழியா பொதிகையே ஏறிட்டு வந்தவன் சார் நான்" என்று சிரித்தான். பத்து நாள் கழித்து ராத்திரி பதினொன்றரைக்கு வீடியோ காலில் வருகிறான். கட்டிலில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறான். "சார்... சளி... பிடிச்சிருக்கு... ஆன்டிபயாட்டிக்... போடட்டுமா?" வார்த்தைக்கு ஒரு மூச்சு. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

சளி இல்லை. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. விமானத்தில் லடாக்கின் லே நகரம் போய் இறங்கியவனை மறுநாளே ஜீப்பில் மேலே ஏற்றிவிட்டிருக்கிறார்கள். "வேலை நிக்குது, ஆள் இல்லை" என்றாராம் ஒப்பந்தக்காரர். மேலே போன இரண்டாவது ராத்திரி இது. உடனே ஆக்சிஜன் வைத்துக் கீழே இறக்கினார்கள். பிழைத்தான். எந்த இடம், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

"உடம்பு திடமா இருந்தா ஒண்ணும் ஆகாது டாக்டர்." இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு எனக்குத்தான் பிரஷர் ஏறுகிறது. சரி, நிதானமாகச் சொல்கிறேன். பொதிகை 1,868 மீட்டர். கொடைக்கானலில் 1899-லிருந்து இருக்கும் சூரிய ஆய்வகம் 2,343 மீட்டர். 1855-லேயே திருவனந்தபுரம் வானாய்வகத்தின் ப்ரௌன் துரை பொதிகை உச்சியில் காந்த அளவும் வானிலையும் பார்க்க ஒரு கூடம் கட்டி ஆள் வைத்திருந்தார். மழையும் குளிரும் அவர்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கும், உயரம் படுத்தியிருக்காது. பொதுவாக 2,500 மீட்டர் தாண்டினால்தான், காற்று குறைவதால் வரும் இந்த உயர நோய் தலைகாட்டும். லே 3,500. அதே லடாக்கில் இருக்கும் ஹான்லே வானாய்வகம் 4,500. இரண்டு பொதிகையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் எட்டாத உயரம் அது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 57 சதவீதம்தான். அதற்கு உடம்பு பழகச் சில நாள் பிடிக்கும். வ.உ.சி. மைதானத்தில் தினம் பத்து ரவுண்டு ஓடுகிறவனுக்கும் அதே நாள் கணக்குதான், கடையில் உட்கார்ந்து தொப்பை வளர்த்த அண்ணாச்சிக்கும் அதே கணக்குதான். சொல்லப்போனால் அண்ணாச்சி தேவலை. தலை வலித்தால் படுத்துவிடுவார். நம்ம பயல் வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பெட்டி தூக்குவான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உயரத்தில் யாருக்கு நோய் வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டியே காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் என்னிடம் இல்லை. நான் போடும் கையெழுத்துக்கு அந்த விஷயத்தில் மதிப்பு கிடையாது. போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பதும் சர்டிபிகேட் ஆகாது.

ஹான்லேயின் 2 மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூர் பக்கம் ஹொஸ்கோட்டேயில் உட்கார்ந்தே இயக்குகிறார்கள். ஆனாலும் மேலே ஒரு திருகாணி முடுக்க ஆள் போய்த்தானே ஆக வேண்டும்? போங்கள். லேயில் குறைந்தது இரண்டு மூன்று ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது கணக்கு. ஜீப் ரோட்டில் அப்படிப் படிப்படியாக ஏற வழியில்லை என்றால் லேயில் இன்னும் கூடுதலாகத் தங்குங்கள். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையை ஏறுவதற்கு முந்தின நாளே ஆரம்பிக்க வேண்டும். டாக்டரிடம் கேட்டு, சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் சொல்லி வாங்குங்கள். அதைப் போட்டால் விரல் நுனி மதமதக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். பயப்படாதீர்கள். முதல் சில ராத்திரி சாராயமும் தூக்க மாத்திரையும் தொடவே கூடாது. மூச்சுக்கு நல்லது என்று கைக்குட்டையில் கற்பூரம் முடிந்துகொண்டால் கற்பூர வாசனை வரும், அவ்வளவுதான். கடையில் விற்கும் ஆக்சிஜன் டப்பா சில நிமிஷத்துக்கு மேல் தாங்காது.

தலைவலியோடு குமட்டல் வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். தரையில் ஒரு கோட்டைப் பார்த்து, குதிகாலை விரல் நுனியோடு ஒட்டி ஒட்டி நடந்து பாருங்கள். தள்ளாடினால் மூளை வீங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரல். இரண்டில் எது என்றாலும் அந்த நிமிஷமே கீழே இறக்க வேண்டும். "விடியட்டும், பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் அவரிடம் சண்டை போடுங்கள்.

அப்புறம், மேலே குளிருக்கு மூட்டும் கரி அடுப்பு. பனிக்காலத்தில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி வரைக்கும் போகும். ஜன்னலை இறுக மூடிக்கொண்டு கரியோ மண்ணெண்ணெய் ஹீட்டரோ போடுவார்கள். "கரி கனிஞ்சு செவந்துட்டா புகை வராது சார்" என்று எனக்கே பாடம் நடத்துகிறார்கள். புகை வராது. கார்பன் மோனாக்சைடு வரும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல் என்று உயர நோய் மாதிரியே ஆரம்பிக்கும். அறையில் இருக்கிற எல்லாருக்கும் சேர்ந்தாற்போல் தலை வலித்து, வெளியே வந்தால் தேவலாம் போல இருந்தால் அடுப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரை இதற்கு நம்பாதீர்கள். ரத்தத்தில் ஏறிய மோனாக்சைடையும் ஆக்சிஜன் என்றே அது எண்ணிவிடும். ஆள் சாய்ந்து கிடக்கும்போதும் நல்ல நம்பரே காட்டும். தூங்கும் முன் அடுப்பை வெளியே வையுங்கள். எரியும்போது ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கட்டும். ஜெனரேட்டரை அறை ஓரத்தில்கூட வைக்க வேண்டாம்.

அம்மாமார்களே, அல்வாவும் இஞ்சி மொரப்பாவும் கட்டிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போனில் "சாப்பிட்டியா" என்று கேட்பதோடு "தலை வலிக்கா, ராத்திரி தூங்கினியா" என்றும் கேளுங்கள். பேச்சு குழறினால், பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

அந்தத் தம்பி போன வாரம் மறுபடி வந்தான். அடுத்த மாதம் திரும்பப் போகிறானாம். ஒரு தடவை நுரையீரலில் நீர் கோத்தவனுக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம், அதற்குத் தனி மாத்திரை இருக்கிறது, அதைப் பிறகு பேசுவோம் என்றேன். முதலில் லேயில் நாலு ராத்திரிக்கு ரூம் போட்ட ரசீதைக் கொண்டுவா, அப்புறம் பேனாவை எடுக்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.