‘கட்டுப்படியாகும் வாடகை’ வீட்டின் கணக்கு

அமெரிக்க நகரங்களில் புதிதாக எழும்பும் சில அடுக்குமாடிகளில் ‘கட்டுப்படியாகும் வீடுகள்’ என்று போர்டு தொங்கும். அரசாங்கம் கட்டிய வீடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. கட்டியது ஒரு தனியார் நிறுவனமோ தொண்டு நிறுவனமோ; பணம் போட்டது ஒரு வங்கி. அந்த வங்கி கட்ட வேண்டிய வரியில் ஒரு பகுதியை அரசு விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான். 1986ல் ரீகன் கையெழுத்திட்ட வரிச் சீர்திருத்தச் சட்டத்தோடு வந்த ஏற்பாடு இது. இதுவரை 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இந்த வழியில் வந்திருக்கின்றன.

பணம் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. மக்கள்தொகையைப் பார்த்து ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுதோறும் இவ்வளவு டாக்ஸ் கிரெடிட் (கட்ட வேண்டிய வரியில் நேரடியாகக் கழித்துக்கொள்ளும் தொகை) என்று ஒதுக்குகிறார்கள். எந்தக் கட்டடத்துக்குக் கொடுப்பது என்பதை மாநில வீட்டு நிதி முகமை முடிவு செய்யும். நிலத்தின் விலை போக 1 கோடி டாலர் செலவு என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீத கிரெடிட் கிடைத்தால் ஆண்டுக்கு 9 லட்சம், 10 ஆண்டுகளில் 90 லட்சம். கட்டுபவருக்கு அவ்வளவு வரியே இருக்காது. அதனால் கிரெடிட்டைக் கொஞ்சம் விலை குறைத்து வங்கியிடம் கொடுத்து, ரொக்கத்தை முன்னதாகவே வாங்கிவிடுகிறார். கடன் குறைவதால் வாடகையைக் குறைத்து வைத்தாலும் கட்டடம் தாக்குப்பிடிக்கும். ஏழ்மை மிகுந்த வட்டாரம் என்றால் கணக்கில் எடுக்கும் செலவை 30 சதவீதம் வரை கூட்டிக்கொள்ளலாம். இந்தக் கட்டடங்கள் அப்படிப்பட்ட இடங்களில் அதிகம் தென்படுவதற்கு இது ஒரு காரணம்.

சரி, வாடகை எவ்வளவு? குழப்பம் இங்கேதான். உங்கள் சம்பளத்தைப் பார்த்து வாடகை போடுவதில்லை. புறநகர்களையும் சேர்த்து அந்தப் பெருநகர வட்டாரத்தின் நடுத்தர வருமானம் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேல், பாதி அதற்குக் கீழ்) எவ்வளவோ, அதிலிருந்து கணக்கிடுகிறார்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு அது 1 லட்சம் டாலர் என்றால், மூன்று பேருக்கு 90 ஆயிரம். அதில் 60 சதவீதம், அதாவது 54 ஆயிரம், இந்த வீடுகளுக்கு வழக்கமான வருமான வரம்பு. இதில் 30 சதவீதத்தை 12 மாதத்துக்குப் பங்கிட்டால், இரண்டு படுக்கையறை வீட்டுக்கு உச்ச வாடகை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து, 1,350 டாலர். 54 ஆயிரம் சம்பாதிப்பவருக்குச் சரிதான். 30 ஆயிரம் சம்பாதிப்பவருக்கு அது சம்பளத்தில் பாதிக்கும் மேல். பணக்காரர்கள் குடியேறி நடுத்தர வருமானம் ஏறினால் இந்த உச்ச வாடகையும் ஏறும். என்னைக் கேட்டால், திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். பிரிவு 8 வாடகை வவுச்சர் (வாடகையில் ஒரு பகுதியை அரசே கட்டும் உதவி) வைத்திருப்பவர் தப்பிப்பார். வவுச்சர் வைத்திருக்கிறார் என்பதற்காக அவரை மறுக்கவும் கூடாது.

வட்டாரம் மாறிய பிறகு கட்டும் வீட்டில் யார் குடியேறுவது என்பது அடுத்த சிக்கல். ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் ஆல்பினா என்பது கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி. முதலில் விளையாட்டரங்கத்துக்கு, அப்புறம் ஐ-5 நெடுஞ்சாலைக்கு, 1970களில் மருத்துவமனை விரிவாக்கத்துக்கு என்று வீடுகளை இடித்துக்கொண்டே போனார்கள். கடைசியாகச் சொன்ன விரிவாக்கத்துக்கு மத்திய அரசின் பணம் வராமல் நின்றுபோக, இடித்த இடம் பல ஆண்டுகள் வெறும் மனையாகக் கிடந்தது. பின்னால் வாடகை ஏறி, மிச்சமிருந்தவர்களிலும் பலர் வெளியேறினார்கள். இப்போது அங்கே புதிய வீடுகளுக்கு ஒரு முன்னுரிமை விதி இருக்கிறது. உங்கள் பெற்றோரோ தாத்தா பாட்டியோ அந்தப் பகுதியில் வாழ்ந்த முகவரியைக் காட்டினால் வரிசையில் முன்னே போகலாம். இனத்தைக் கேட்பதில்லை, முகவரியைத்தான் கேட்கிறார்கள். 2018ல் திறந்த 80 வீடுகள் கொண்ட பியாட்ரிஸ் மாரோ கட்டடம் அப்படி நிரம்பியதுதான்.

விண்ணப்பிக்க எல்லாவற்றுக்கும் பொதுவான அலுவலகம் கிடையாது. கட்டடத்துக்குக் கட்டடம் மேலாளரைத்தான் கேட்க வேண்டும். நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ போன்ற ஊர்களில் குலுக்கல். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் காட்ட வேண்டும். குடியுரிமை வேண்டும் என்று இந்தத் திட்டத்தின் சட்டம் கேட்பதில்லை. ஆனால் எம்.எஸ். படிக்கப் போன நம் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து எடுக்கலாம் என்று நினைத்தால் நடக்காது: வீட்டில் எல்லோருமே முழுநேர மாணவர்கள் என்றால், சில விலக்குகள் தவிர, தகுதி இல்லை. சேர்ந்து வரி தாக்கல் செய்யத் தகுதியுள்ள கணவன் மனைவி அந்த விலக்குகளில் ஒன்று. குடியேறிய பின் சம்பளம் ஏறினால் அதற்காக வெளியேற்ற மாட்டார்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: இந்தக் கட்டடத்தின் வாடகைக் கட்டுப்பாடு எந்த ஆண்டு முடிகிறது? பொதுவாக 30 ஆண்டு, கலிபோர்னியாவில் 55. ஆனால் முதல் 15 ஆண்டுக்குப் பிறகு வரித்துறையின் பிடி தளர்ந்துவிடும். உரிமையாளர் 14ஆம் ஆண்டு முடிந்ததும் ‘வாங்க ஆள் கொண்டுவாருங்கள்’ என்று மாநில முகமையிடம் கேட்கலாம். சட்டம் சொல்லும் விலைக்கு ஓராண்டுக்குள் ஆள் வராவிட்டால் கட்டுப்பாடு நீங்கிவிடும். இப்படிக் கேட்கும் உரிமையையே விட்டுக்கொடுப்பதாக உரிமையாளரிடம் முதலிலேயே எழுதி வாங்கிவிடும் மாநிலங்களும் உண்டு. கட்டுப்பாடு அப்படி நீங்கினாலும், ஏற்கெனவே குடியிருப்பவர்களை அடுத்த 3 ஆண்டுகளுக்குக் காரணமின்றிக் காலி செய்யச் சொல்லவோ உச்ச வாடகைக்கு மேல் கேட்கவோ முடியாது.