அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரை உட்கார வைக்க யாருக்கும் உரிமையில்லை

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் பார்த்தது. சாலையில் கிடந்தவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டு வந்த பையன், கவுன்டரில் "அண்ணனுக்குத் தலையில அடிங்க, சீக்கிரம்" என்றான். முன்பின் தெரியாதவரையும் அண்ணன் என்பதுதானே நம் வழக்கம். படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதிவிட்டார்கள். அப்புறம் முன்பணம் கேட்டு, ரத்தம் காய்ந்த சட்டையோடு அவனை நள்ளிரவு வரை உட்கார வைத்தார்கள்.

சட்டம் அவன் பக்கம்தான் இருந்தது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும், 2020 செப்டம்பரில் வந்த விதிகளும் உதவியவரைக் காக்கின்றன. நல்லெண்ணத்தோடு தூக்கிச் சென்றபோது வழியிலேயே உயிர் போனாலும் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது.

சிக்கல் கவுன்டரில்தான் தொடங்கும். அழைத்து வந்தவரிடம் பதிவுக்கோ அட்மிஷனுக்கோ பணம் கேட்கக் கூடாது. ஆனால் அவர் குடும்பத்தாராகவோ உறவினராகவோ இருந்தால் கேட்கலாம். அந்தப் பையன் மாட்டியது இங்கேதான். அதனால் முதல் வார்த்தையிலேயே "இவர் யாரென்று எனக்குத் தெரியாது, ரோட்டில் கிடந்தார்" என்று சொல்லுங்கள். எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெயர், முகவரி, போன் நம்பர் எதையும் சொல்லும்படி போலீசாரோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்த முடியாது. "ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடணும், பேர் இல்லாம முடியாது" என்பார்கள். பெயர் சொல்லாவிட்டாலும் சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. சாட்சி சொல்வதும் உங்கள் விருப்பம்தான். சம்மதித்தால், உங்கள் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ, சீருடையில்லாத போலீஸ்காரர் வந்து ஒரே தடவையில் விசாரிக்க வேண்டும். "ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க" என்று அலையவிடுவது விதிக்கு விரோதம்.

விபத்தில் அடிபட்டவரைக் காப்பாற்றியவருக்கான மத்திய அரசின் ராஹ்-வீர் திட்டத்தில் 25,000 ரூபாய் வெகுமதி உண்டு. அதற்குப் பெயர் கொடுத்தே ஆக வேண்டும். படுகாயம் அடைந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்திருக்கவும் வேண்டும். காவல் நிலையம் தரும் ஒப்புகைச் சீட்டை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். "அப்புறம் வாங்க" என்றால் நம்பிக் கிளம்பாதீர்கள், அந்தச் சீட்டில்லாமல் வெகுமதியைப் பரிசீலிக்கும் மாவட்டக் குழுவுக்கு எதுவும் போகாது.

அடிபட்டவருக்கு, 2025 மே 5-ல் நடைமுறைக்கு வந்த இன்னொரு மத்திய அரசுத் திட்டத்தில், விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. அந்தத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். சேராத இடத்தில், உயிருக்கு ஆபத்தில்லாமல் உடலை நிலைப்படுத்தும் சிகிச்சை மட்டும்தான். விபத்து என்று போலீஸ் உறுதி செய்வதும் அவசியம். குடும்பத்தார் வந்ததும் முதலில் இந்த இரண்டையும் கேட்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

உதவியவருக்கான உரிமைகளை எல்லா மருத்துவமனையும் வாசலில் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும். பலகை கண்ணில் பட்டால் போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை கவுன்டரில் வாதாடுவதைவிட அதைக் காட்டுவது சுலபம்.